இஞ்சினுக்குள் கிடந்த சட்டைப் பை

ஹலோ... ஹலோ... திருச்சிங்களா... லாரி ஷோரூம்தானம்மா... நான் விருத்தாசலத்துலேருந்து பேசறேன். ஆமா, ஆமா, டிரங்க் கால்தான். சர்வீஸ் மேனேஜர் சக்கரபாணி சார் வேணும்... மாணிக்கவேலு. விருத்தாசலம் லாரி மாணிக்கவேலுன்னு சொல்லுங்க, தெரியும்...

இருக்காரா இல்லியா, அத்த மட்டும் சொல்லும்மா... காலையில கூப்புட்டா பூசையில இருக்காருன்னீங்க. அப்புறம் கூப்புட்டா பார்ட்டிகூட பேசிக்கினு இருக்காருன்னீங்க. இப்ப சாப்பாடா... சாப்பிடட்டும், நல்லா சாப்பிடட்டும்... இல்லம்மா, உன்ன ஒண்ணும் சொல்லல. நீ என்னா பண்ணுவ. ஆனா வெச்சிடாத. இந்த போனு என்னுது இல்ல. குழா கம்பெனி ஆபீசு போனு. கணக்குப்புள்ள ஆதிநாராயணன் சாரு எரக்கப்பட்டு விட்டிருக்காரு. தோ எதிர்லயே உக்காந்திருக்காரு. காலையிலேருந்து புக் பண்ணிட்டு நானும் அவுரு மூஞ்சியையே பாத்துக்கினு இருக்கேன்... கைய கழுவிட்டு வந்தா போதும்னு சொல்லு... சரி... சரி, நிக்கறேன்.

...

ஹலோ... சக்கரபாணி சாரா. வணக்கம் சார். மாணிக்கவேலு... எந்த மாணிக்கவேலா. சார், வண்டி எடுத்தன்னிக்கி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சது நீங்கதான் சார். சூடம் காட்டினது நீங்க. எம்பொண்டாட்டி அம்சவல்லி கையில லட்டைக் குடுத்துட்டு, இனிமே நம்ம ஷோரூம் உங்களுக்குத் தாய்வூடு மாதிரின்னு சொன்னது நீங்க. இப்ப எந்த மாணிக்கவேலுன்னு கேக்கறீங்க... ஆமா. ஆமா, அந்த விருத்தாசலந்தான். ஞாபகம் வந்துடுச்சா. நல்லது.

வண்டி எங்க இருக்குதா. எங்க இருக்கும். தங்கராசு மெக்கானிக்கு கொட்டாயில நிக்குது. இன்னொரு லாரி வெச்சிக் கட்டி இழுத்தாந்து போட்டது, போட்ட எடத்துலயே கெடக்குது. கேபினுக்குள்ள கோழி அடையுது சார். நெசமாத்தான். காலையில கதவத் தொறந்தா சீட்டு மேல முட்டை.

ஆளு அனுப்பிச்சீங்க, இல்லன்னு சொல்லல. வந்தாரு. பாண்ட்டு அழுக்காயிடும்னு தூரமா நின்னுக்கினு பாத்தாரு. கையில ஒரு ஸ்பேனரு இல்ல சார். இஞ்சின் ரிப்பேருக்கு வர்றவரு வெறுங்கைய வீசிக்கினு பஸ்ஸுல வராரு. கலர் சோடா வாங்கிக் குடுத்தோம், குடிச்சாரு. என்னா சார் ஆச்சின்னு கேட்டா, இஞ்சின் ஜாம் ஆயிடுச்சிங்கறாரு. அது ஜாமாயிடுச்சின்னு சொல்லித்தான சார் உங்களுக்குத் தந்தியே குடுத்தேன். எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லிட்டு, திருச்சி பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேட்டுக்கினு போயிட்டாரு.

என்னா... ஓவர்லோடா.

சார். சார், நான் சொல்லி முடிச்சிடறேன். நான் ஏத்தினது குழா. ஜல்லி இல்ல, இரும்பு இல்ல. சாக்கடைக்குப் பதிக்கிற பீங்கான் குழா. பாக்கறதுக்கு வண்டி நெறைய இருக்கும், உள்ள பாத்தா காத்துதான். கம்பெனி வாசல்லயே எடைமேடை இருக்குது, அதுல ஏறி எறங்காம ஒரு வண்டி வெளிய போவாது. வேணும்னா ஆதிநாராயணன் சார்கிட்ட குடுக்கறேன், கேளுங்க... வேணாமா. ஏன் வேணாம். நீங்கதான ஓவர்லோடுன்னீங்க.

சரி, அடுத்தது என்னா... தண்ணி ஊத்தலியா.

யாரு சொன்னா. அந்தக் கலர் குடிச்ச சாரு சொன்னாரா. சார், நானும் கருப்பனும் பெண்ணாடம் சக்கரை மில்லுக்குக் கரும்பு ஓட்டின காலத்துலேருந்து ஒண்ணா ஸ்டேரிங் புடிக்கிறவங்க. அடுத்தவன் வண்டியிலயே வெடிகாத்தால ரேடியேட்டரத் தொறந்து பாக்காம சாவி போட்டதில்ல. சொந்த வண்டிக்கா ஊத்தாம இருப்போம். திட்டக்குடியில எங்கப்பன் வெச்சிட்டுப் போன ஏரிப் பாசன நெலத்த வித்து எடுத்த வண்டி சார் அது. அதுக்குத் தண்ணி ஊத்தலியாம். நான் குளிக்காம இருந்திருப்பேன், அது தண்ணி இல்லாம இருந்ததில்ல.

என்னா நடந்துச்சின்னு ஒரு தபாவாச்சும் முழுசா கேட்டீங்களா நீங்க. வண்டி போச்சா, வரும், பாக்கலாம், அனுப்பறேன். இதத்தான் சொல்றீங்க. இன்னிக்கி கேளுங்க.

மெட்ராசுக்கு லோடு. காலையில கெளம்பறோம். கருப்பன் ஓட்டறான், நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். மங்கலம்பேட்டை தாண்டறோம். ஆயில் மீட்டரு முள்ளு எறங்குது. கருப்பன் பாத்துட்டு, மாணிக்கம், முள்ளு விழுவுது, ஓரங்கட்டலாமான்னான். நான் வேணாம், போன்னேன். ஏன் சொன்னேன்... சொல்லுங்க, நான் ஏன் சொன்னேன். அதுக்கு முந்தின வாரந்தான உங்க ஒர்க்ஷாப்புலேருந்து வண்டிய எடுத்தாந்தோம். அப்பவே முள்ளு ஆடுச்சி. உங்க ரூம்புக்கு வந்து நின்னு நான் கேட்டேன். நீங்க என்னா சொன்னீங்க. இந்த மாடலுக்கு மீட்டரே அப்பிடித்தான், நீ மீட்டரப் பாக்காத, ரோட்டப் பாருன்னீங்க. சொல்லிட்டு சிரிச்சீங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன் சார். பெரிய எடத்துல சொல்றாங்களேன்னு.

அந்த ரோட்டத்தான் பாத்துக்கினு போனோம். திடீர்னு அடியில ஒரு சத்தம். கல்லுல கோடாலி போட்ட மாதிரி. இஞ்சினு அப்பிடியே புடிச்சிக்கிச்சு. பின்சக்கரம் சுத்தாம இழுத்துக்கினு போவுது. கருப்பன் கிளச்ச மிதிக்கறான், ஸ்டேரிங்க ஒடிக்கறான். முன்னாடி நடவுக்குப் போற பொம்பளைங்க வரிசையாப் போறாங்க சார். அவங்க மேல போவாம ஒடிச்சான். ஒடிச்சி நேரா புளியமரத்துல வுட்டான். மரத்துல மோதினதும் மேல இருந்த குழாயெல்லாம் முன்னால சரிஞ்சி, கேபினு முதுகப் பொளந்துக்கினு உள்ள வந்துடுச்சி. எனக்கு நெத்தியில காயம், அவ்ளோதான். அவனுக்குக் காலு. பெடலுக்கும் இஞ்சின் மூடிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சி. அந்தப் பொம்பளைங்கதான் ஓடியாந்து, ஒவ்வொரு குழாயா எடுத்துப் போட்டு அவன வெளிய இழுத்தாங்க. எதிர வந்த பஸ்ஸுக்காரரு ஏத்திக்கினாரு. அன்னியிலேருந்து பெரியாஸ்பத்திரியில கெடக்கறான்.

இதான் நடந்துச்சி. இதுல தண்ணி எங்க வந்துச்சி.

ம்... ம்... கேக்கறேன்.

வெளி மெக்கானிக்கு கைய வெச்சா கேரண்டி கெடையாதா. ஓகோ. யாரு தொறக்கச் சொன்னது. உங்க ஆளுதான் சார். போறப்ப பஸ்ஸு படியில நின்னுக்கினு, தொறந்து பாத்து வையுங்க, நான் அங்க போயி சொல்றேன்னாரு. அவரு என்னா சொன்னாரு உங்ககிட்ட... அப்பிடி சொல்லவே இல்லையா. நல்லது. கலர் குடிச்சதையாவது ஒத்துக்கினாரா.

உங்ககிட்ட எடுத்தாந்தா மட்டும் என்னா செஞ்சீங்க. சொல்லட்டுமா. எடுத்த புதுசுலயே பொகை கக்குச்சி. எடுத்தாந்தோம். ஹெட்டக் கழட்டி மாட்டினேன்னீங்க. திரும்ப தண்ணியில ஆயிலு மெதந்துச்சி. எடுத்தாந்தோம். அப்புறம் சத்தம் கேக்குதுன்னு எடுத்தாந்தோம். ஒவ்வொரு தபாவும் உங்க காம்பவுண்டு மூலையில, அந்த ஒடஞ்ச டயருங்க பக்கம் தள்ளிப் போட்டுடுவீங்க. நாங்க வண்டிக்கு அடியிலயே துண்ட விரிச்சிப் படுத்துக் கெடப்போம். கஞ்சி காச்ச கல்லு வெச்சா உங்க வாட்ச்மேன் காலால தட்டி வுடுவான். முன்பக்கம் பாத்தா புது வண்டிக்கு மாலை, நாயனம், உங்க கையில சூடத்தட்டு. விக்கிறப்ப தாய்வூடு. ரிப்பேருக்கு வந்தா தெருநாய். த்தூ.

இல்ல, உங்க மேல துப்பல. போன்ல எப்பிடி துப்பறது.

மரியாதையாத்தான் பேசறேன். இன்னும் சார்னுதான சொல்றேன்.

சரி, தங்கராசு தொறந்தானே, உள்ள என்னா இருந்துச்சின்னு கேக்கவே மாட்டீங்களா... பேரிங்கு தேஞ்சிருக்கும், அதானே. தேயல சார். உருகிப்போயி கிராங்கு தண்டோட ஒட்டிக்கிச்சி. ஆயிலே மேல போவல. ஏன் போவல. அடியில ஆயிலு நிக்கிற தொட்டி இருக்குதுல்ல, அதுலேருந்து ஆயில உறிஞ்சற எடத்துல ஒரு சல்லடை இருக்குது பாருங்க. அந்தச் சல்லடையில துணி அடச்சிக்கினு இருந்துச்சி.

துணி. ஆமா, துணி... கை தொடைக்கிற வேஸ்ட்டு நூலு இல்ல, துணி. சட்டைத் துணி.

தங்கராசு வுட்டிருப்பானா. இருங்க, இருங்க. அவன் தொறக்கறப்ப நான் மட்டும் இல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி வெச்சிருக்கறவங்க அத்தினி பேரும் சுத்தி நின்னாங்க. அவன் கைய வுட்டு இழுத்தான். வருது, வருது, கறுப்பா. மாட்டுக்கு கன்னு இழுக்கற மாதிரி இழுத்தான் சார். வெளிய எடுத்து மண்ணெண்ணையில அலசினா நீலக் கலரு. தங்கராசு வூட்டுல நீலச் சட்டை யாரும் போடறதில்ல சார். அவன் சட்டையே போடறதில்ல.

யாரு போடறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.

இன்னும் கேளுங்க. அந்தத் துணியில ஒரு பையி இருக்குது. மார்ல தைக்கிற பையி. பையி மேல செவப்பு நூலுல எழுத்து. எனக்கு இங்கிலீசு வராது. ஆதிநாராயணன் சார்தான் படிச்சிச் சொன்னாரு. உங்க ஷோரூம் பேரு. முழுசா இருக்குது. ஒரு எழுத்துகூட நையல. நூலு நல்ல நூலு சார். இஞ்சினு போச்சி, பேரிங்கு போச்சி, கருப்பன் காலு நசுங்கிப் போச்சி. உங்க ஷோரூம் பேரு மட்டும் அப்பிடியே இருக்குது.

ஹலோ...

ஹலோ. இருக்கீங்களா.

... ம். சொல்லுங்க. என்னா, திடீர்னு தம்பிங்கறீங்க... கதவ சாத்திட்டு வரீங்களா. சாத்துங்க.

...

ம். ம். கேக்குது. மெதுவாப் பேசினாலும் கேக்குது.

ஆமாம்மா... இல்ல சார், உங்கள இல்ல, ஆபரேட்டரு. அம்மா, கட் பண்ணிடாதீங்கம்மா. இன்னும் பேசணும். நீட்டிக் குடுங்க... கணக்குப்புள்ள சாரும் தலைய ஆட்டறாரு. நீட்டுங்க... ஹலோ, சார், சொல்லுங்க.

புது இஞ்சினா.

ரிப்பேரு பண்ணது இல்லியே... புதுசே. பெட்டியோட. ம்... நீங்களே ஆளும் அனுப்பி, இங்கயே மாட்டி... கேபினும் தட்டிக் குடுப்பீங்களா. வர்ற வாரத்துக்குள்ளயே...

...

இல்ல, யோசிக்கிறேன். என்னா யோசனையா. உங்களுக்கு என்னா தெரியும் சார். வண்டி நின்னதுலேருந்து அம்சவல்லி பீங்கான் பொம்மை கம்பெனிக்கு மண்ணு பெசையப் போவுது. ராத்திரி சோறு போடறப்ப பாத்தா வெரலு இடுக்கெல்லாம் வெள்ளையா காஞ்சி வெடிச்சிக் கெடக்குது. ஒரு வார்த்தை கேக்க மாட்டா. வண்டி எப்ப ஓடும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அவ கேக்காததுதான் எனக்குத் தூக்கம் வராம பண்ணுது. அதனால புது இஞ்சினுன்னா நான் யோசிக்கத்தான் செய்வேன்.

நான் என்னா செய்யணும்... அந்தப் பையத் திருப்பிக் குடுத்துடணும். சரி. அப்புறம்... மெட்ராசுலேருந்து லாரி கம்பெனி இன்ஸ்பெக்டரு வருவாரு. வந்தா நான் என்னா சொல்லணும்...

திரும்பச் சொல்லுங்க.

டிரைவரு தண்ணி இல்லாம ஓட்டிட்டான்னா. கருப்பனா.

சும்மா ஒரு வார்த்தைதானா... உங்களுக்கு ஒரு வார்த்தை சார். இங்க போலீசு கேசு நடக்குது. குழா கம்பெனிக்காரங்க சரக்கு ஒடஞ்சதுக்குப் பதில் கேக்கறாங்க. டிரைவரு மேல தப்புன்னு வண்டிக்காரனே சொன்னா அவன் லைசென்ஸ் போவும். அவனுக்கு வர வேண்டிய நஷ்ட ஈடும் போவும். அவன் நிறுத்தலாமான்னு கேட்டவன் சார். மீட்டரப் பாத்தவன் அவன். பாக்காதன்னு சொன்னது நீங்க, அத்த நம்பிப் போன்னு சொன்னது நான். நாம ரெண்டு பேரும் நல்லவங்க, அவன் மட்டும் குத்தவாளியா.

... வேற யார் மேலயாவது சொல்லணும்ல, அப்பிடியா. ஒர்க்ஷாப்பு மேலன்னு சொன்னா உங்க ஏஜென்சிக்கு ஆபத்து. ம். அதான் விசயம். அத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே. ஓவர்லோடு, தண்ணி, கேரண்டின்னு எம்மாந் தூரம் சுத்தி வந்தீங்க.

சார், ஒரு நிமிசம். லைன்லயே இருங்க... யாரு... பாஞ்சாலையா. வா, உள்ள வா. என்னா இப்பிடி ஓடியாந்திருக்க... ஆஸ்பத்திரியிலேருந்தா... மூச்சு வாங்கிக்க மொதல்ல. ஆதிநாராயணன் சார், அந்த நாற்காலிய கொஞ்சம்... உக்காரு. கருப்பனுக்கு என்னா.

...

எதுவரைக்கும்...

முட்டிக்குக் கீழயா.

வேற வழியே இல்லைன்னுட்டாரா டாக்டரு. பாண்டிச்சேரிக்கு எடுத்துக்கினு போனாலும்... அதுக்குள்ள மேல ஏறிடுமா... ம்... கையெழுத்து கேட்டாங்களா. நீ என்கிட்ட கேக்கவா வந்த... இல்லியா. போட்டுட்டியா. போட்டுட்டுத்தான் வந்தியா.

அவனுக்குத் தெரியுமா... நீதான் சொன்னியா. என்னா சொன்னான்...

வண்டி என்னா ஆச்சின்னு கேட்டானா.

...

ஹலோ. ஆமா, இருக்கேன். ஒண்ணும் இல்ல, இருமல். நீங்க பேசிக்கினே இருந்தீங்க போலருக்கு, நான் கேக்கல. கருப்பன் சம்சாரம் வந்திருக்கு. காலை எடுக்கப் போறாங்களாம். இன்னிக்கே... ஆமா, வலது காலு. பிரேக்கு மிதிக்கிற காலு.

என்னா சொன்னீங்க.

இல்ல, சரியாத்தான் கேட்டுச்சி. ஆனாலும் திரும்பச் சொல்லுங்க... இனிமே அவன் வண்டி ஓட்டப்போறதே இல்ல. லைசென்ஸ வெச்சிக்கினு அவன் என்னா பண்ணப்போறான். அதனால அவன் மேல பழிய போட்டா அவனுக்கு என்னா நட்டம். அதான சொன்னீங்க... சுருக்கமா அதான. நல்லதாப் போச்சின்னுகூட சொன்னீங்க. அந்த வார்த்தையும் எனக்குக் கேட்டுச்சி.

சே.

இல்ல, நான் கத்தல. கத்தறதுக்கு மனுசங்ககூட பேசணும். எனக்கு இப்ப எப்பிடி இருக்குது தெரியுங்களா. அன்னிக்கி தங்கராசு அந்தத் துணிய வெளிய இழுத்தானே, கறுப்பா, கொழகொழன்னு, நாத்தம் புடிச்சி. பாத்துக்கினு நின்னவங்க மூக்க மூடிக்கினாங்க. அப்பக்கூட எனக்குக் கொமட்டல. யாரோ ஒரு கூலிக்கு வந்தவன், வேலை அவசரத்துல மறந்து வுட்டிருப்பான்னுதான் நெனச்சேன். அவன் மேல எனக்குக் கோவமே இல்ல சார், சத்தியமா. மறந்தவன மன்னிச்சிடலாம். நீங்க மறக்கல. நீங்க உக்காந்து யோசிச்சி, கதவ சாத்திக்கினு சொல்றீங்க. இப்பதான் கொமட்டுது.

உங்க இஞ்சினு எனக்கு வேணாம். பெட்டியோட நீங்களே வெச்சிக்குங்க, அதுக்கும் மாலை போட்டு சூடம் காட்டுங்க. கடலூர்ல கிராங்கு அரைச்சிக் குடுக்கறவரு ஒருத்தரு இருக்காரு. தங்கராசு பேசிட்டான். நாளாவும், ஆவட்டும். அதுவரைக்கும் கரும்பு வண்டிக்குக் கூலிக்கு ஓட்டறேன். பெண்ணாடத்துக்காரங்க இன்னும் என்ன மறக்கல.

இன்ஸ்பெக்டரா. வந்தா நடந்தத நடந்த மாதிரி சொல்வேன். மீட்டர் பத்தி நீங்க சொன்னதையும் சொல்வேன், அத்தக் கேட்டு நான் போன்னு சொன்னதையும் சொல்வேன். கருப்பன் நிறுத்தலாமான்னு கேட்டதையும் சொல்வேன். பையும் காட்டுவேன்... ஆங்... ஆங்... அப்பிடி வரீங்களா. நீங்க எழுதினாத்தான் இன்ஸ்பெக்டரே வருவாரு. நீங்க எழுத மாட்டீங்க. சரி. உங்க மூலமாத்தான் கம்பெனிக்குப் போவணும், நேராப் போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. சரி. என்ன மாதிரி ஒத்த வண்டிக்காரன் பேச்ச மெட்ராசுல எவன் கேப்பான். சரி, சரி. எல்லாம் சொல்லிட்டீங்களா.

ஒண்ணு பாக்கி இருக்குது. கருப்பனுக்கு என்னா நட்டம்னு கேட்டீங்கல்ல. அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. காலு என்னுது இல்ல. சொல்ல வேண்டியவங்க தோ இருக்காங்க... ஏன், பதறாதீங்க. பொம்பளைதான். கடிக்காது.

பாஞ்சாலை, இந்தா. இத்த வாங்கு... காதுல வை, இப்பிடி. கீழ்ப்பக்கம் பேசணும்... திருச்சி ஷோரூம் மேனேஜரு. கருப்பன்தான் வண்டிய கெடுத்தான்னு சொல்லச் சொல்றாரு. சொன்னா எனக்கு இஞ்சினு குடுப்பாராம். அவனுக்குத்தான் காலு போவுதே, அதனால அவனுக்கு நட்டம் ஒண்ணும் இல்லைங்கறாரு. நீ கேளு. என்னா கேக்கணுமோ கேளு. பயப்படாத, நான் இங்கயேதான் நிக்கறேன்.

...

...

என்னா, ஏன் திருப்பித் தர்ற. பேசினியா... என்னான்னு சொன்ன... நான் கருப்பன் சம்சாரம் பேசறேன்னு சொன்னியா. அப்புறம்... அவ்ளோதான் சொன்னியா.

வெச்சிட்டாரா.

குடு இங்க. ஹலோ... ஹலோ. ஹலோ, சார்.

வெச்சிட்டான்.

ஆமாம்மா, ஆபரேட்டரு, முடிஞ்சிடுச்சி. நாங்க வெக்கல, அந்தப் பக்கந்தான் வெச்சாங்க... இல்ல, திருச்சி வேணாம். திரும்ப திருச்சி வேணவே வேணாம். மெட்ராசு போடுங்க. இருங்கம்மா, ஒரு நிமிசம். ஆதிநாராயணன் சார், அந்த லாரி செய்யிற கம்பெனி நம்பரு பெரிய போன் புத்தகத்துல இருக்குமா... கொஞ்சம் பாருங்க. உங்க மொதலாளி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்... நீங்களே சொல்லிக்கிறீங்களா. நல்லா இருங்க சார்.

பாஞ்சாலை, எத்தினி மணிக்கு உள்ள எடுத்துக்கினு போறாங்க... இருக்குதா நேரம். அப்ப உக்காரு. பேசிட்டு ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவலாம். வண்டி என்னா ஆச்சின்னு கேட்டான்ல, நானே வந்து சொல்றேன்... அழுவாத. இல்ல, அழுவு. ஆனா லைன் கெடச்சதும் நிறுத்திடணும்.

அம்மா, ஆபரேட்டரு, நம்பரு கெடச்சிடுச்சி. தோ, சாரு எழுதித் தராரு... அர்ஜெண்ட்டுன்னே போடுங்க. அங்க யாரா... பெரிய ஆளு எவரு இருக்காரோ அவரு. கதவ சாத்திக்காத ஆளா இருந்தா நல்லது...

இந்தப் பக்கம் பேசறவங்க பேரா.

பாஞ்சாலைன்னு எழுதிக்கம்மா. டிரைவர் கருப்பன் சம்சாரம்.